உளுந்து மஞ்சளானால் எல்லாமே வைரஸ்தானா?

வாழப்பாடி வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 34. கணவர் சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போகிறார். ஒன்றேகால் ஏக்கர் இறவைப் பூமியை இவரும் மாமனாரும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மாசி 10ஆம் தேதி உளுந்து விதைத்தார்கள். விதை 10 கிலோ. கடையில் ‘வம்பன் 8 ரகம், மஞ்சள் நோயே வராது’ என்று சொல்லி, சான்றுச் சீட்டு இல்லாத சாக்கிலிருந்து அள்ளிக் கொடுத்தார்களாம். பில் தரவில்லை, பணம் ஜிபேயில் போயிருக்கிறது. விதை நேர்த்தி செய்யவில்லை. 22ஆம் நாள் ஒன்றிரண்டு செடி மஞ்சளாயிற்று. கடிதம் எழுதிய 32ஆம் நாளில் ‘வயலில் பாதி மஞ்சள்’ என்கிறார். இடையில் கடைக்காரர் சொன்னபடி இரண்டு தடவை மருந்தடித்தாயிற்று. மூன்று பாட்டிலைக் கலந்து அடித்ததில் 2,600 ரூபாய் செலவு.

கிழக்கு வரப்பை ஒட்டிப் பங்காளி வீட்டு மரவள்ளி. அதுவும் மஞ்சள் திட்டாக இருக்கிறது. அங்கிருந்துதான் நோய் வந்தது, அதைப் பிடுங்கச் சொல்ல வேண்டும் என்று மாமனார் நிற்கிறார். மாமியாரோ இது வெறும் சத்துக் குறைவு என்கிறார். சகோதரியின் கேள்விகள் நான்கு. இது வைரஸா? மரவள்ளியிலிருந்து வந்ததா? உழுது போடுவதா, வைத்துப் பார்ப்பதா? விதைக் கடைக்காரரிடமோ பயிர்க் காப்பீட்டிலோ பணம் கிடைக்குமா? கூடவே ஆறு படங்கள், ஒரு பின்குறிப்பு.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் படங்களுக்கு நன்றி. இலையை மட்டும் எடுக்காமல், வரப்பில் நின்று முழு வயலையும் ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு அதிகம் உதவியது அந்தப் படம்தான். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் உங்கள் வயலில் மஞ்சள் இரண்டு விதமாக விழுந்திருப்பது தெரிகிறது. மடைப் பக்கம் ஒரு பட்டையாக, செடிக்குச் செடி விடாமல் ஒரே சீராக வெளிறியிருக்கிறது. மற்ற இடங்களில் பச்சைச் செடிகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பளீரென்ற மஞ்சள். நீங்கள் ‘பாதி வயல்’ என்று சொன்னது இந்த இரண்டையும் சேர்த்துத்தான். உங்கள் மாமனாரும் மாமியாரும் வயலின் வேறு வேறு மூலையில் நின்று பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆளுக்குப் பாதி சரி.

இதைப் பிரித்துப் பார்க்காமல் மருந்தைப் பற்றியோ, ஏர் ஓட்டுவதைப் பற்றியோ, பங்காளியைப் பற்றியோ பேசுவதில் பயனில்லை. அதனால் அதையே முதலில் பார்ப்போம்.

இலையை வெயிலுக்கு எதிரே பிடியுங்கள்

காலை எட்டு மணி வெயில் போதும். நடு வயலில் இருக்கும் ஒரு மஞ்சள் செடியின் நுனியிலிருந்து இரண்டாவது இலையையும், மடைப் பக்கத்துச் செடியின் அதே இலையையும் பறித்து, சூரியனுக்கு எதிரே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள்.

மஞ்சள் தேமல் நோய் என்றால், பெயிண்ட் தெறித்தது போலக் கண்டபடி மஞ்சள் திட்டுகள் இருக்கும், நடுவே பச்சைத் தீவுகள் நிற்கும். திட்டு நரம்பைத் தாண்டியும் போகும், நரம்பும் சேர்ந்து மஞ்சளாகும். ஒரே காம்பின் மூன்று இலைகளில் ஒன்று முக்கால் மஞ்சளாகவும், இன்னொன்று நாலு புள்ளியோடும் இருக்கலாம். தொடக்கத்தில் இளம் இலையில் நரம்போரமாகச் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள்தான் தெரியும். அடுத்தடுத்து வரும் ஒவ்வோர் இலையிலும் மஞ்சள் கூடி, கடைசியில் குருத்து முழுக்க எலுமிச்சை நிறமாகிவிடும். உங்கள் இரண்டாம், மூன்றாம் படங்கள் அச்சாக இப்படித்தான் இருக்கின்றன. ஆக, அது வைரஸ்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இரும்புச் சத்துக் குறைவு வேறு மாதிரி. நரம்புகள் பச்சையாகவே இருக்கும், நரம்புக்கு நரம்பு நடுவில் உள்ள சதை மட்டும் வெளிறும். வெயிலில் பிடித்தால் மீன் முள் மாதிரி பச்சை நரம்பு தனியாகத் தெரியும். மூன்று இலையும் ஒரே மாதிரி இருக்கும், பக்கத்துச் செடியும் அப்படியே இருக்கும். புது இலையில்தான் முதலில் வரும், அடியிலைகள் பச்சையாக இருக்கும். உங்கள் ஐந்தாம் படம் இது. மடையை ஒட்டி வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் கிடப்பதும் அதே படத்தில் தெரிகிறது. சுண்ணாம்பு மிகுந்த செம்மண்ணில், அதுவும் மடை வாயில் ஈரம் காயாமல் நிற்கும் இடத்தில், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. ஒரு பிடி மண்ணில் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மண்.

இதை உறுதிப்படுத்த ஆய்வகம் வேண்டாம். 10 லிட்டர் தண்ணீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, பிறகு 50 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) போடுங்கள். அன்னபேதி பச்சை நிறத்தில் இருக்க வேண்டும், கடையில் துருப் பிடித்த நிறத்தில் கொடுத்தால் வாங்காதீர்கள். கரைசலும் இளம்பச்சையாக இருக்க வேண்டும். செம்பழுப்பாக மாறிவிட்டால் இரும்பு வீணாயிற்று என்று அர்த்தம். வேறு எந்த மருந்தோடும் கலக்காமல், சாயங்காலத்தில், அந்தப் பட்டையில் மூன்று வரிசைக்கு மட்டும் அடியுங்கள். ஐந்தாறு நாளில் துளி விழுந்த இடமெல்லாம் பச்சைப் பொட்டு வைத்தது போலத் தெரியும், புது இலையும் பச்சையாக வரும். அப்படி வந்தால் மாமியார் சொன்னது சரி. பட்டை முழுக்க அடித்து, 10 நாள் கழித்து இன்னொரு முறை அடித்தால் அந்தப் பகுதி தேறிவிடும். மடை வாயில் தண்ணீர் தேங்காமல் பாத்தியைச் சரி செய்யாவிட்டால் மறுபடியும் வெளிறும். அதே கரைசலை நடு வயலில் உள்ள தேமல் செடிக்கு அடித்தால் ஒன்றும் ஆகாது. வைரஸ் புகுந்த இலையை எந்த நுண்ணூட்டமும் பச்சையாக்காது.

ஆறாவது படத்தில் இருப்பது இன்னொரு நோய். அதில் மஞ்சளே இல்லை என்பதால் நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ‘செடி நல்ல செழிப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செடியின் நுனிப் பக்கத்து இலையைத் தடவிப் பாருங்கள். மற்ற இலைகளைவிட அகலமாக, தடித்து, தோல் மாதிரி இருக்கும். எண்ணெயில் போட்ட அப்பளம் போல அங்கங்கே பொங்கி, நரம்பு தடித்து, ஓரம் நெளிந்திருக்கும். இது இலை நெளிவு நோய். செடி புதர் போலக் கிளைத்து வளரும், பூ உருக்குலையும், காய் பிடிக்காது, பிடித்தாலும் ஒன்றிரண்டுதான். அறுவடை நேரத்தில் எல்லாச் செடியும் காய்ந்து நிற்கும்போது இது மட்டும் பச்சைப் புதராக நிற்கும். இந்த நோய் விதை வழியாகவும் வரும் என்பதால், கண்டவுடன் பிடுங்குங்கள். இந்தச் செடி எத்தனை இருக்கிறது என்று எழுதவில்லை. 45ஆம் நாள் வரை வாரம் ஒரு முறை வரிசை வரிசையாக நடந்து பாருங்கள்.

இன்னும் ஒன்று மட்டும் பார்த்துவிடுங்கள், படத்தில் தெரியாத சோதனை இது. ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு, அடிப்பக்கம் நரம்பு செம்பழுப்பாக இருக்கும் செடி ஏதாவது உண்டா? இருந்தால் அதன் இலையை விரலால் லேசாகச் சுண்டுங்கள். காம்போடு பட்டென்று உதிர்ந்தால் அது இலைச்சுருள் நோய். நிலக்கடலையில் மொட்டுக் கருகல் உண்டாக்கும் அதே வைரஸ்தான். அதைப் பரப்புவது மஞ்சள் தேமலைப் பரப்பும் வெள்ளை ஈ இல்லை, இலைப்பேன். இளஞ்செடியில் வந்தால் குருத்து கருகி ஒன்றிரண்டு வாரத்தில் செடியே போய்விடும். உங்கள் படங்களில் அப்படி எதுவும் இல்லை.

மேற்கே மக்காச்சோளத்துக்கு அடித்த களைக்கொல்லியைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். அதன் பாதிப்பு என்றால் மேற்கு வரப்போரம் கடுமையாகவும், உள்ளே போகப் போகக் குறைந்தும் தெரியும். 2,4-டி பட்ட இலை குறுகி நாடா போல நீளும், தண்டு முறுக்கிக்கொள்ளும். உங்கள் மேற்கோரம் பச்சையாகவே இருக்கிறது. அந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம்.

மரவள்ளி மீது பழி போடலாமா?

மாமனாரின் சந்தேகம் அர்த்தமில்லாதது என்று சொல்ல மாட்டேன். மரவள்ளித் தேமலும் உளுந்துத் தேமலும் ஒரே குலத்து வைரஸ்கள்தான், இரண்டையும் பரப்புவது வெள்ளை ஈதான். ஆனால் வைரஸ் வேறு. மரவள்ளியைத் தாக்கும் வைரஸ் உளுந்தில் இந்த நோயைத் தராது, உளுந்தில் வருவது மரவள்ளிக்குப் போகாது. மரவள்ளிக்கு அந்த நோய் பெரும்பாலும் நடவுக் குச்சியோடுதான் வருகிறது. நோயுள்ள தோட்டத்தில் வெட்டிய குச்சியை ஊன்றினால் முளைப்பே தேமலோடு வரும். பங்காளி வீட்டுத் தோட்டத்தில் நடந்திருப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அது அவர்களுக்குத் தனி நஷ்டம்.

நோயுள்ள பயறு வகைச் செடி ஒன்று பக்கத்தில் இருந்து, அதில் உட்கார்ந்த ஈ உங்கள் வயலுக்கு வந்தால்தான் உளுந்துக்கு மஞ்சள் தேமல் வரும். கால் மணி நேரம் சாறு உறிஞ்சினால் ஈக்கு வைரஸ் ஏறிவிடும். சில மணி நேரம் கழித்து அது உட்காரும் அடுத்த செடிக்கு இறக்கவும் கால் மணி நேரம்தான். ஒரு தடவை ஏறிவிட்டால் பல நாள் சுமந்து திரியும். ஒரு செடியைக் கெடுக்க ஒரே ஓர் ஈ போதும்.

அந்தப் பயறுச் செடி எங்கே இருக்கிறது? நான்காவது படத்தின் ஓரத்தைக் கவனியுங்கள். மரவள்ளி வரிசைகளுக்கு நடுவே, தரையோடு தரையாக, மஞ்சளாக ஏழெட்டுச் செடிகள். அவை உளுந்து. போன போகத்தில் அங்கே உளுந்து போட்டு எடுத்திருப்பார்கள், உதிர்ந்தது தானாக முளைத்து நிற்கிறது. உங்கள் வயலில் நோய் கிழக்கோரம் அதிகமாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். மரவள்ளி இலையின் அடியில் வெள்ளை ஈ பெருகுவதும் உண்மை. ஆகவே பங்காளி வீட்டில் போய் ‘உங்கள் மரவள்ளியைப் பிடுங்குங்கள்’ என்று கேட்டால் சண்டைதான் வரும், நோய் நிற்காது. ‘நடுவில் தானாக முளைத்த உளுந்தை நாங்களே வந்து பிடுங்கிக்கொள்கிறோம்’ என்று கேளுங்கள். அரை நாள் வேலை. உங்கள் வரப்பிலும், வாய்க்கால் ஓரத்திலும் அப்படி முளைத்திருப்பதையும், காட்டுப்பயறுக் கொடிகளையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

வேலியில் உள்ள அவரையும் மஞ்சளாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவரைக்கென்றே ஒரு தனி மஞ்சள் தேமல் வைரஸ் உண்டு. பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். காய்த்துக்கொண்டிருக்கும் அவரையை இதற்காக வெட்ட வேண்டாம்.

அடித்த மருந்து ஏன் கேட்கவில்லை?

மருந்து கேட்கவில்லை என்பதைவிட, அது கேட்க வேண்டிய நாள் கடந்துவிட்டது என்பதே சரி. இன்று மஞ்சளாகத் தெரியும் செடிக்கு வைரஸ் ஏறியது ஏறத்தாழ பத்து நாளைக்கு முன்பு. 22ஆம் நாளில் நீங்கள் முதல் செடியைப் பார்த்தபோது, பச்சையாக நின்ற பல செடிகளுக்குள் அது ஏற்கெனவே இருந்தது. செடிக்குள் போன வைரஸைக் கொல்லும் மருந்து உலகத்தில் இல்லை. ‘வைரஸ் மருந்து’ என்று எழுதிய பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும் இதுதான் நிலைமை.

நீங்கள் படம் எடுத்து அனுப்பிய மூன்று பாட்டில்களில் ஒன்று நுண்ணூட்டம், ஒன்று அந்த ‘வைரஸ் மருந்து’, மூன்றாவது லாம்டா சைஹாலோத்ரின். இந்த மூன்றாவதுதான் எனக்குக் கவலை. இது பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து. காய்ப்புழுவுக்குச் சரி. வெள்ளை ஈக்கு அடித்தால் அதைப் பிடித்துத் தின்னும் பொறிவண்டும் குளவியும்தான் முதலில் சாகும், ஈ முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். அதை இனி தொடாதீர்கள்.

இனி ஒரே ஒரு முறை அடிக்கலாம், அதுவும் பார்த்துவிட்டு. விடியற்காலையில், பூச்சி சோம்பலாக இருக்கும்போது, இலையை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவில், கூரை போல இறக்கையைச் சாய்த்துக்கொண்டு வெள்ளையாக உட்கார்ந்திருப்பது வளர்ந்த ஈ. அசையாமல் செதில் போல ஒட்டிக் கிடப்பது குஞ்சு. போன் கேமராவில் பெரிதாக்கினால் தெரியும். செடியைத் தட்டியதும் மாவு பறந்தது போல எழுந்தால் எண்ணிக்கை அதிகம். அப்படி இருந்தால் தயாமீத்தாக்சம் 25 டபிள்யூ.ஜி. என்ற பூச்சிமருந்து ஏக்கருக்கு 40 கிராம், 200 லிட்டர் தண்ணீரில். அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 2 கிராம். ‘ரெண்டு கிராம் எந்த மூலைக்கு’ என்று கூட்டிப் போட வேண்டாம். பூ விடும் நேரம் என்பதால் தேனீ அடங்கிய பிறகு, பொழுது சாய்ந்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். வாங்கும் முன் டப்பாவின் லேபிளைப் படித்துவிட்டு, வட்டார வேளாண்மை அலுவலரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஈ அதிகம் இல்லையென்றால் வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து, ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு சேர்த்து அடிக்கலாம். மஞ்சள் ஒட்டும் அட்டை ஏக்கருக்கு ஐந்து கட்டுங்கள். அது ஈயை ஒழிப்பதற்கு இல்லை, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு.

உழுவதா, வைப்பதா?

இந்த முடிவைக் கண்ணால் பார்த்து எடுக்காதீர்கள், எண்ணி எடுங்கள். மஞ்சள் நிறம் கண்ணைப் பறிப்பதால் இருபது சதவீதம்கூடப் பாதி மாதிரித் தெரியும். மடைப் பக்கத்துப் பட்டையை விட்டுவிட்டு, வயலில் கோணல்மாணலாக நடந்து ஐந்து இடத்தில் நில்லுங்கள். வரப்பிலிருந்து பத்தடி உள்ளே தள்ளியே நில்லுங்கள். ஓரிடத்துக்கு அடுத்தடுத்து 20 செடி, மொத்தம் 100. அதில் தேமல் செடி எத்தனை, அந்தத் தேமல் செடிகளில் மொட்டு விட்டது எத்தனை என்று இரண்டு கணக்கு குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது பயிருக்கு 36 நாள் ஆகியிருக்கும். மொட்டு தெரிகிற நேரம்தான்.

பத்துக்குள் இருந்தால் தேமல் செடி எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம். பத்திலிருந்து முப்பது வரை என்றால், மொட்டே விடாமல் குட்டையாக நிற்பவற்றை மட்டும் எடுங்கள். அவை காய் தரப்போவதில்லை, வைரஸை மட்டும் தரும். மொட்டோடு இருப்பதை விட்டுவைக்கலாம். முதல் மூன்று நான்கு வாரத்துக்குள் நோய் ஏறிய செடியில் மகசூல் அனேகமாக ஒன்றும் இருக்காது. 45 நாளுக்கு மேல் ஏறினால் காய் கொஞ்சம் சிறுக்கும், அவ்வளவுதான். ஆகவே நாள் போகப் போகப் புதிதாக மஞ்சளாகும் செடிகளைப் பார்த்து நீங்கள் பதற வேண்டியதில்லை. ஐம்பதைத் தாண்டி, அதில் பெரும்பகுதி மொட்டில்லாமல் நின்றால்தான் உழுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த எல்லைகள் கல்வெட்டு இல்லை, உங்கள் வயலின் வயதையும் பரப்பையும் வைத்து நான் போடும் கணக்கு.

பணக்கணக்கும் பார்த்துவிடுவோம். நல்ல பயிர் ஏக்கருக்கு 3 குவிண்டால் என்று வைத்தால் உங்களுக்கு 3.75 குவிண்டால் வர வேண்டும். பாதி போனாலும் 1.9 குவிண்டாலுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். 2025-26க்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அந்த விலை கிடைத்தால் சுமார் 14,600 ரூபாய். மண்டியில் அதைவிடக் குறைத்துக் கேட்டாலும், இனி ஆகப்போகும் செலவு பறிக்கும் கூலியும் அடிக்கும் கூலியும்தான். நான் படத்தில் பார்த்த அளவில் உங்கள் வயல் உழ வேண்டிய நிலையில் இல்லை.

பிடுங்கும்போது ஒரு விஷயம். கையில் கத்தையாகப் பிடித்துக்கொண்டு வயல் முழுக்க நடந்தால், ஈயை நீங்களே பரப்புகிறீர்கள். காலை ஏழு மணிக்குள், உரச் சாக்கைச் செடி மேல் மெல்லக் கவிழ்த்து, வேரோடு இழுத்து, உள்ளேயே போட்டு வாயை மடக்குங்கள். சாக்கைக் கட்டி ஒரு நாள் வெயிலில் போட்டுவிட்டுப் பிறகு குழியில் புதையுங்கள். வரப்பில் குவித்தால் செடி வாட வாட ஈ எல்லாம் வயலுக்கே திரும்பும். ஒருவேளை உழத்தான் வேண்டும் என்று வந்தால், முதல் நாள் சாயங்காலம் மருந்தடித்துவிட்டு மறுநாள் காலை உழுங்கள். அடுத்துக் கம்போ தீவனச் சோளமோ போடுங்கள். பயறு வகை வேண்டாம்.

விதைக் கடையும் காப்பீடும்

‘எதிர்ப்பு ரகம் என்றால் நோயே வராது’ என்று நம்பியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். எதிர்ப்பு ரகத்திலும் அங்கொன்று இங்கொன்று வரும். ஆனால் நூற்றுக்கு இருபது முப்பது வந்தால், அது அந்த ரகம்தானா என்று கேட்பது நியாயம். வம்பன் 8 எதிர்ப்பு உள்ள ரகம். கோ 5 போன்ற பழைய ரகங்கள் இந்த நோய்க்கு எளிதில் விழும். சீட்டு இல்லாத சாக்கில் எது இருந்தது என்பதுதான் கேள்வி. விதையிலேயே வைரஸ் இருந்திருக்குமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். இலை நெளிவுக்கு அது பொருந்தும். மஞ்சள் தேமல் விதையிலும் இருப்பதாகச் சில ஆய்வுகள் சொன்னாலும், வயலில் அது பரவுவது வெள்ளை ஈயால்தான். அந்த வாதத்தை வைத்து வழக்கு நிற்காது. ரகம் மாற்றிக் கொடுத்தார்கள் என்ற வாதம்தான் உங்களுடையது.

பில் இல்லாததால் உங்கள் கை பலவீனம், ஆனால் வெறுங்கை இல்லை. ஜிபே பதிவைத் தேதியோடு எடுத்து வையுங்கள். வீட்டில் ஒரு பிடி விதை மிச்சமிருந்தால் காகித உறையில் போட்டு ஒட்டி, தேதி எழுதுங்கள். முக்கியமானது, பயிர் நிற்கும்போதே ஆய்வு நடக்க வேண்டும். வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தாக மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். விதை ஆய்வாளருக்கு நகல் வைக்கச் சொல்லுங்கள். விவசாயியும் நுகர்வோர்தான், விதை விவகாரத்தில் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லியிருக்கிறது. விதை முழுவதையும் விதைத்துவிட்ட விவசாயியிடம் சோதனைக்கு மாதிரி எங்கே என்று கேட்பது சரியில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் கிடையாது. வெற்றி உறுதி என்று சொல்ல மாட்டேன். பயிரை உழுதுவிட்டால் மட்டும் வாய்ப்பே இல்லை.

புகார் கொடுப்பதாக இருந்தால்தான் ஆய்வகச் சோதனை தேவை. பராமரிப்புக்கு அது வேண்டியதில்லை. அப்படி அனுப்பினால், நோய் தெளிவாகத் தெரியும் இளம் இலைகளை, மஞ்சளும் பச்சையும் கலந்த நிலையில் பறித்து, செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து அனுப்புங்கள். காய்ந்து கருகியது வேண்டாம். தண்ணீர் தெளித்துப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடும். நல்ல செடியின் இலையும் தனி மடிப்பில் இருக்கட்டும். விதைத்த தேதி, ரகம், அடித்த மருந்து எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். முதலில் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் செடியைக் காட்டுங்கள். வைரஸை மரபணு அளவில் பார்க்க வேண்டுமென்றால் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்கு எப்படி அனுப்புவது என்று அவர்களே வழி சொல்வார்கள்.

காப்பீட்டில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தனி வயலைப் பார்த்துப் பணம் தருவது ஆலங்கட்டி மழை, வெள்ளம் சூழ்தல் போன்றவற்றுக்குத்தான். 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்ற விதியும் அதற்கே. பூச்சி, நோய் இழப்பு என்றால் அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதும் மகசூல் குறைந்ததாகப் பயிர் அறுவடைச் சோதனையில் தெரிய வேண்டும். உங்கள் ஊரில் மற்ற வயல்கள் நன்றாக இருந்தால் உங்களுக்கு வராது. ரசீதை எடுத்து, அதில் இந்தப் பருவமும், உளுந்தும், உங்கள் கிராமமும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வயலில் எடுக்கும் உளுந்தை விதைக்கு வைக்காதீர்கள். அடுத்த தடவை நீலச் சீட்டு உள்ள சான்று விதையாக, பில்லோடு வாங்குங்கள். கிலோவுக்கு 5 மில்லி இமிடாகுளோபிரிட் 600 எப்.எஸ். என்ற பூச்சிமருந்து கலந்து நிழலில் உலர்த்தி, கடைசியில் ரைசோபியம் நுண்ணுயிர் உரம் சேர்த்து விதையுங்கள். முதல் மூன்று வாரம் செடிக்கு அதுதான் காவல், உங்கள் 22ஆம் நாள் அங்கேதான் தவறியது. விதைப்பதற்கு முன்பே வரப்போரம் சில வரிசை சோளமோ மக்காச்சோளமோ நெருக்கி விதைத்து வைத்தால், தாழப் பறந்து வரும் ஈயை அது ஓரளவு தடுக்கும்.

பின்குறிப்பில், பிடுங்கிய செடியை மாட்டுக்குப் போடலாமா, இந்த உளுந்தில் இட்லி அரைத்தால் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செடியின் வைரஸ் மாட்டையும் தொடாது, மனிதரையும் தொடாது. காய் சிறுத்திருந்தாலும் பருப்பு பருப்புதான், தாராளமாக அரைக்கலாம். ஆனால் கடிதம் எழுதுவதற்கு நாலு நாள் முன்புதான் மூன்று பாட்டிலைக் கலந்து அடித்திருக்கிறீர்கள். அதனால் இப்போது பிடுங்கும் செடி மாட்டுக்கு வேண்டாம், குழிக்கே போகட்டும்.